மாயக் கதை வீரனுக்கு மார்க் போடலாமா?

மந்திர தந்திரக் கதை எழுத முனையும் இளம் எழுத்தாளர் முன்னால் இன்று ஒரு புதிய கேள்வி வந்து நிற்கிறது. கதாநாயகனின் பலத்தைச் சொல்லால் காட்டினால் போதுமா, எண்ணால் எழுதிக் காட்ட வேண்டுமா என்பதே அக்கேள்வி.

கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும். விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். இந்த வகைக் கதையில் வீரன் ஒரு பூதத்தை வெட்டி வீழ்த்தியதும் அவன் கண்ணெதிரே அந்தரத்தில் ஒரு பலகை தோன்றுகிறது. பலம் 12-லிருந்து 14 ஆயிற்று, படி 5-லிருந்து 6 ஆயிற்று, புதிய வித்தை ஒன்று கைகூடிற்று என்று அதில் எழுதியிருக்கிறது. பாங்கிப் பாஸ் புத்தகத்தில் வரவு ஏறுவதுபோல, அவன் பட்ட அடிக்கும் சிந்திய வேர்வைக்கும் உடனுக்குடன் கணக்கு ஏறுகிறது. அடுத்த பூதத்தை வெல்ல எவ்வளவு பலம் தேவை, கையிருப்பு எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்பதெல்லாம் வீரனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். ஆங்கிலத்திலும், ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் இத்தகைய நாவல்கள் மலைமலையாகக் குவிந்துவிட்டன. அவற்றைக் கைப்பேசியில் படித்தும் படமாகப் பார்த்தும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது தாங்களே கதை எழுத உட்காருகிறார்கள். அவர்கள் இந்தக் கணக்கை ஏற்பதா, தள்ளுவதா?

இதைத் தியாகராய நகரில் வைத்துக் கேட்பது பொருத்தமே. தீனதயாளு தெருவில் வானதி, தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம், கண்ணதாசன் பெயர் தாங்கிய சாலையில் கண்ணதாசன் பதிப்பகம் என்று தமிழ்ப் புத்தகம் அச்சேறும் பேட்டை அது. அங்கிருந்து கோடம்பாக்கத்தைக் கடந்தால் வடபழனி. 1947-ல் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்ரபாணியுமே அங்கே விஜயா நிறுவனத்தின் சார்பில் 1951-ல் 'பாதாள பைரவி'யையும், 1957-ல் 'மாயாபஜா'ரையும் எடுத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாகக் கண்ட பூதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு மைல் வட்டாரத்தில் உற்பத்தியானவை என்றால் மிகையாகாது.

பேட்டையின் பெயருக்கும் இக்கேள்விக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

கணக்குப் புத்தகம் வந்த வழி

1950-ல் ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'தி டையிங் எர்த்' என்றொரு நூலை வெளியிட்டார். அதில் வரும் மந்திரவாதிகள் ஒரே சமயத்தில் ஒரு சில மந்திரங்களையே மனத்தில் ஏற்றிக்கொள்ள முடியும். ஒருமுறை பிரயோகித்ததும் அந்த மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டபோது கைகாக்ஸ் இந்த மறதி விதியை அப்படியே எடுத்துக்கொண்டார். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. அடி தாங்கும் சக்திக்கு ஓர் எண், அனுபவத்துக்கு ஓர் எண், எல்லாம் சேர்ந்தால் ஒரு படி ஏற்றம்.

அங்கே எண் அவசியம். நாலு பேர் ஆடும்போது, "வெட்டிவிட்டேன்" என்று ஒருவன் சொன்னால், "இல்லை, விலகிக்கொண்டேன்" என்று மற்றவன் சொல்வான். வழக்கைத் தீர்க்கப் பகடையும் எண்ணும் வேண்டும். கதையிலோ வெட்டுகிறவனும் விலகுகிறவனும் ஒரே ஆசிரியரின் பேனாவிலிருந்து வருகிறவர்கள். தீர்க்க வேண்டிய வழக்கே இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு எண்ணைத் தூக்கிக் கதைக்குள் வைப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். அங்கே புராணம் ஆட்டமாயிற்று. இங்கே ஆட்டம் புராணமாகிவிட்டது! மேஜை ஆட்டம் கம்ப்யூட்டர் ஆட்டமாகி, அதிலிருந்து நாவலுக்குத் தாவிற்று. ஜப்பானில் ரெக்கி கவஹாராவின் 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' 2009-ல் புத்தகமாக வந்தது. ஆட்டத்துக்குள் சிறைப்பட்டவர்களின் கதை. கொரியாவில் சுகோங் என்ற புனைபெயர் கொண்டவர் 2016-ல் 'சோலோ லெவலிங்' என்ற தொடர்கதையைத் தொடங்கினார். அது சித்திரக் கதையாகி, 2024 ஜனவரியில் திரைத் தொடராகவும் வந்தது. தமிழ்க் குரலிலும் அது கிடைக்கிறது. தமிழ் இளைஞர்களிடையே இந்த மோகம் பரவியதில் அத்தொடருக்குப் பெரும் பங்கு உண்டு.

சிபாரிசு இல்லாத உலகம்

'சோலோ லெவலிங்' கதாநாயகன் சுங் ஜின்வூ தாயின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக உயிரைப் பணயம் வைத்து அரக்க வேட்டைக்குப் போகிறவன். வேட்டைக்காரர்களிலேயே கடைத்தரம். சாவின் வாயில் அவனுக்கு ஒரு மாயப் பலகை வாய்க்கிறது. அது அவனுக்கு இடும் அன்றாட வேலை என்ன தெரியுமா? 100 தண்டால், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்ற ரீதியில் தேகப் பயிற்சி! செய்தால் பலம் ஏறும். செய்யத் தவறினால் பூரான்கள் துரத்தும் பாலைவனத்தில் தண்டனை.

பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் படிக்கும் பிள்ளை யார் என்று யோசிக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து, பள்ளிக்கு முன்னும் பின்னும் பயிற்சி வகுப்புக்குப் போய், ஒரு மதிப்பெண் குறைவால் மருத்துவக் கல்லூரி இடத்தை இழக்கும் பிள்ளை அது. அல்லது அரசாங்க உத்தியோகத்துக்கான பரீட்சையை மூன்றாம் தடவை எழுதுகிறவர். உழைப்புக்குக் கூலி வருமா, வந்தால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. இந்தக் கதையிலோ போட்ட தண்டால் ஒவ்வொன்றுக்கும் அன்று மாலையே கணக்கு ஏறுகிறது. வினாத்தாள் முன்கூட்டியே வெளியானது என்ற பேச்சு இல்லை, சிபாரிசு இல்லை, யார் பிள்ளை என்ற விசாரணை இல்லை. அந்தப் பலகையின் கவர்ச்சி மந்திரத்தில் இல்லை, நாணயத்தில் இருக்கிறது. நாணயமான பேரேடு ஒன்று எங்கேயாவது இருக்காதா என்ற ஏக்கத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே, எண் வைத்து எழுதுவது மட்டம், எண் இல்லாமல் எழுதுவது உயர்வு என்று பண்டிதத் தீர்ப்பு வழங்குவது தவறு.

வரத்தில் இருக்கும் ஓட்டை

எனினும் எண்ணுக்கு ஒரு பெருங்குறை உண்டு. இரணியன் கேட்ட வரத்தை நினைத்துப் பார்த்தால் அது விளங்கும். மனிதனாலும் சாவில்லை, மிருகத்தாலும் சாவில்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. விதி இரும்புக் கோட்டைபோல இருக்கிறது. ஆனால் அது சொல்லால் கட்டிய கோட்டை. சொல்லுக்குச் சொல் இடையே சந்து உண்டு. அந்திப் பொழுதில், வாயிற்படியில், மனிதனும் சிங்கமுமாக ஒருவர் அந்தச் சந்தில் நுழைந்து வந்துவிடுகிறார். இராவணன் தேவர்களிடமிருந்தும் அரக்கர்களிடமிருந்தும் காப்புக் கேட்டான். மனிதனை அற்பமென்று எண்ணி விட்டுவிட்டான். அவனுடைய அகந்தையே வரத்தின் ஓட்டை.

இரணியனுக்குப் பலம் 9,000 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? நரசிம்மருக்கு 9,001 என்று எழுத வேண்டும். வேறு வழியில்லை. எண்ணை வெல்ல அதைவிடப் பெரிய எண் ஒன்றே உண்டு. அதனால்தான் இவ்வகைத் தொடர்களில் பத்தாம் பாகத்துப் பகைவன் ஊரை அழிப்பான், இருபதாம் பாகத்துப் பகைவன் உலகத்தை அழிப்பான், முப்பதாம் பாகத்தில் அண்டங்கள் பொடியாகும். பூஜ்யங்கள் கூடுமே தவிரக் கதை திரும்பாது.

விதியும் எண்ணும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் ஒரு கட்டுரையில் ஒரு கருத்தைச் சொன்னார். மந்திரத்தைக் கொண்டு சிக்கலை அவிழ்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அவிழ்ப்பு எடுபடும் என்பது அதன் சாரம். அவருடைய 'மிஸ்ட்பார்ன்' நாவலில் உலோகத் துகளை விழுங்கியவர்களுக்குச் சக்தி வருகிறது. எந்த உலோகத்துக்கு எந்தச் சக்தி என்பதில் கண்டிப்பான விதி உண்டு. ஆனால் பலத்துக்கு மார்க் இல்லை. இது நமக்குப் புதிதும் அல்ல. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். 2020-ல் மறைந்த ஓவியர் சங்கர் அம்புலிமாமாவில் பல்லாண்டு வரைந்த விக்கிரமாதித்தனுக்கு இந்த ஒரே ஒரு விதிதான். அது எத்தனை நூறு கதைகளைத் தாங்கியது! 'பாதாள பைரவி'யில் மந்திரவாதி வீரமும் அறிவும் உள்ள ஒருவனைத் தேவிக்குப் பலி கொடுக்க அழைத்து வருகிறான். வந்தவனோ மந்திரவாதியையே பலி கொடுத்துவிடுகிறான். விதி மாறவில்லை, ஆள் மாறினான். அரங்கம் கைதட்டிற்று.

விசுவாமித்திரர் ஏறிய படிகள்

எண்ணும் படியும் மேனாட்டுச் சரக்கு, நம் மரபில் இல்லாதவை என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் இராமாயணத்தின் பாலகாண்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மிதிலையில் சதானந்தர் இராமனுக்குச் சொல்லும் விசுவாமித்திரர் வரலாறு, இன்றைய படியேற்றக் கதைகளுக்கெல்லாம் பாட்டன்.

அரசனான கௌசிகன் வசிட்டரின் பசுவைப் பறிக்க முயன்று தோற்கிறான். தவம் செய்து சிவனிடம் அஸ்திரங்களை வாங்கி வருகிறான். வால்மீகி அந்த அஸ்திரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ஆட்டத்தில் வீரனின் ஆயுதப் பட்டியலைத் திறந்து காட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. அத்தனையையும் வசிட்டரின் ஒற்றைத் தண்டம் விழுங்கிவிடுகிறது. அதன்பிறகு ஆயிரம் ஆண்டுத் தவம். பிரமன் வந்து, "நீ இராஜரிஷி" என்கிறார். போதாது என்று மறுபடி தவம். பிறகு ரிஷி, பிறகு மகரிஷி. படிப்படியாகப் பட்டம் ஏறுகிறது. நடுவில் சேர்த்த தவத்தைத் திரிசங்குவுக்காகச் செலவழிக்கிறார். மேனகையிடம் பத்தாண்டு போகிறது. ரம்பையைக் கோபத்தில் கல்லாகச் சபித்ததில் கையிருப்புக் கரைகிறது. வரவு, செலவு, நஷ்டம் எல்லாம் உண்டு. இதைவிடத் திட்டமான சக்திக் கணக்கை எந்தக் கொரியரும் எழுதிவிடவில்லை.

ஆனாலும் இது வேறு ஜாதிக் கதை. விசுவாமித்திரரின் தவம் எதிரியை அடித்ததால் குறையவில்லை. இரக்கத்தால் செலவாயிற்று, காமத்தால் கரைந்தது, கோபத்தால் அழிந்தது. ஒவ்வொரு செலவும் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிற்று. கடைசிப் படியோ கணக்கிலேயே அடங்கவில்லை. பிரமனே வந்து பிரம்மரிஷிப் பட்டம் கொடுத்த பிறகும் அவருக்கு நிறைவில்லை. வசிட்டர் வாயால் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். யாரை வெல்லப் புறப்பட்டாரோ, அவர் மனமுவந்து சொன்னால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. எத்தனை ஆயிரம் ஆண்டுத் தவம் சேர்த்தாலும் அதை விலைக்கு வாங்க முடியாது. இந்த ஒரு திருப்பம் இல்லாவிட்டால் அக்கதை வெறும் உத்தியோக உயர்வுப் பட்டியலாகப் போயிருக்கும்.

வாசலில் நிற்கும் விதி

அதே இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இன்னொரு தவசி வருகிறான். அவன் பெயர் சம்பூகன். அவனும் தவந்தான் செய்தான். தவம் செய்தால் பலன் என்ற விதி அவனுக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சூத்திரன் என்ற காரணத்துக்காக இராமன் வாளால் அவன் தலை வீழ்ந்தது. மன்னனாகப் பிறந்தவன் படியேறிப் பிரம்மரிஷி ஆகலாம். சம்பூகன் முதற்படியில் காலை வைக்கவும் கூடாது. கன்னடக் கவிஞர் குவெம்பு இதைப் பொறுக்க மாட்டாமல் 1944-ல் 'சூத்ர தபஸ்வி' என்ற நாடகத்தில் முடிவையே மாற்றி எழுதினார். தமிழ்நாட்டு மேடைகளிலும் திராவிட இயக்கத்தார் சம்பூகனுக்காக வழக்காடியதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள்.

தியாகராய நகரின் பெயர்ப் பொருத்தம் இங்கேதான் வருகிறது. 1916-ல் நீதிக் கட்சிக்கு வித்திட்டவர்கள் பிட்டி தியாகராயச் செட்டியார், டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகிய மூவர். ஒருவர் பெயர் பேட்டைக்கு, ஒருவர் பெயர் சாலைக்கு, ஒருவர் பெயர் பூங்காவுக்கு. நடுவில் இருக்கும் பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரைத் தாங்கியது. அரசாங்க உத்தியோகம் ஒரு வகுப்பாருக்கே போகாமல் பல வகுப்பாருக்கும் பகிர்ந்து கிடைக்க வேண்டுமென்ற உத்தரவு 1921-ல் பிறந்தது. பிறப்பால் வந்த படிவரிசையோடு வழக்காடியவர்களின் பெயர்களை ஒட்டி வைத்த ஊர் அது. துணி வாங்க வருகிறவர்கள் இதை நினைப்பதில்லை; நினைக்க நேரமும் இல்லை.

இந்தக் கண்ணோடு 'சோலோ லெவலிங்' உலகத்தைப் பார்த்தால் ஒன்று புலப்படும். அங்கே வேட்டைக்காரன் ஒருவனுக்குச் சக்தி விழித்த அன்றே தரம் நிர்ணயமாகிவிடுகிறது. கடைத்தரத்தான் என்ன பாடுபட்டாலும் பெரும்பாலும் ஆயுள் முழுதும் கடைத்தரத்தான். படியேறும் பாக்கியம் கதாநாயகன் ஒருவனுக்கே. 'தனியே ஏறுதல்' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்! உழைத்தால் உயரலாம் என்று ஆசை காட்டும் கதை, உயர்வை ஒருவனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் பிறந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. படிக்கும் பிள்ளை தன்னைக் கதாநாயகனாக எண்ணுவதால் இது உறுத்துவதில்லை.

கதைக்குச் சக்திக் கணக்கு வகுப்பவர் விளையாட்டு விதியை எழுதுவதாக நினைக்கிறார். உண்மையில் யார் உயரலாம், எதனால் உயரலாம், யார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று ஒரு சமுதாயத்துக்குச் சட்டம் எழுதுகிறார். கொரியப் பிள்ளை அதைக் கவனிக்காமல் எழுதலாம். சம்பூகன் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் எழுத்தாளர் கவனிக்காமல் எழுதினால் அது கண்ணை மூடிக்கொள்வதாகும்.

எப்போது எழுதலாம்?

கணக்கை வைத்தே கணக்கைக் கேலி செய்தவர்களும் உண்டு. அமெரிக்கர் மாட் டினிமன் 2020-ல் சொந்தமாக வெளியிட்ட 'டஞ்ஜன் க்ராலர் கார்ல்' நாவலில் வேற்றுலகக் கம்பெனியார் பூமியை இடித்துத் தள்ளி, பிழைத்தவர்களைச் சுரங்கக் கோட்டையில் இறக்கிவிட்டு, அவர்கள் சாவதை அண்டம் முழுவதும் காட்சியாக ஒளிபரப்புகிறார்கள். படிகளும் பரிசுகளும் நிறைய உண்டு. ஆனால் பேரேட்டை எழுதுகிறவனே பகைவன் என்பதை கார்ல் மறப்பதில்லை. புள்ளி ஏற ஏற வாசகருக்கு மகிழ்ச்சியோடு கோபமும் ஏறுகிறது. எண்ணைப் பயன்படுத்துவதற்கு இது நியாயமான காரணம். எண் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

இன்னொரு நிர்ப்பந்தமும் இருக்கிறது. இன்று இளைஞர்கள் பெரும்பாலும் எழுதுவது கைப்பேசிச் செயலிகளில், தொடர்கதையாக. சில இடங்களில் காசு கட்டினால்தான் அடுத்த அத்தியாயம் திறக்கும். அத்தியாயத்துக்கு ஒரு சிறு பரிசு கொடுத்து வாசகரை இழுத்துக்கொண்டு போக எண்ணைப்போல் வசதியானது வேறில்லை. நிகழ்ச்சி ஒன்றும் நடக்காவிட்டாலும் பலம் இரண்டு ஏறியது என்று எழுதி முடித்துவிடலாம். கல்கியும் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரம் தவறாமல் எழுதினார். வந்தியத்தேவனுக்கு ஒரு படிகூட ஏறவில்லை. அவனுடைய வாளைவிட வாய்த் துடுக்குத்தான் அவனை அதிகம் காப்பாற்றிற்று. வாசகர் அடுத்த வார இதழுக்குக் காத்துத்தான் கிடந்தனர். ஆதலால் தொடர்கதை என்றால் எண் வேண்டும் என்பது சோம்பலின் வாதம்.

எண் வைப்பதென்றே தீர்மானித்தவர்களுக்கு நடைமுறைத் தொல்லை ஒன்று காத்திருக்கிறது. வரம் சொல்லாக இருந்தால் பின்னால் புதுப் பொருள் காணலாம். மூன்றாம் அத்தியாயத்தில் பலம் 40 என்று எழுதிவிட்டால் முந்நூறாம் அத்தியாயத்திலும் அது 40-தான்; வாசகர் எண்ணிக்கொண்டே வருவார். ஆகவே முதல் அத்தியாயத்தை வெளியிடுவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, வீரனின் பலத்தை அப்புறம் வைத்துக்கொண்டு, வேறு மூன்றை எழுதிப் பார்ப்பது நல்லது. இந்தப் பேரேட்டை எழுதுகிறவர் யார்? வீரன் எதற்காகத் தன் கையிருப்பைச் செலவழிப்பான்? அந்த உலகத்தில் வீரனைவிட அதிகம் உழைத்தும் ஒரு புள்ளிகூட ஏறாதவள் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், அவளைப் பத்தாம் அத்தியாயத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் எண்கள் கதையைத் தம் போக்கில் இழுத்துச் சென்றுவிடும். பிறகு அவளுக்கு இடம் இராது.